டிவிடிக்குள் இருக்கும் டாக்டர்

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, ஏழாவது தடவையாக, ஆவுடையப்பன் அந்தப் பொத்தானை அமுக்கினார். கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியிலிருந்து டிரே நாக்கை நீட்டியது. நாக்கின் மேல் டிவிடி, டிவிடியின் மேல் கதாநாயகன், எதுவும் நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தான். விரலால் மெல்லத் தள்ளினார், நாக்கு உள்ளே போயிற்று, உள்ளே ஏதோ ஒன்று விசில் வராத குக்கர் மாதிரி உறுமிச் சுழன்று, இரண்டு தடவை செருமி, அடங்கியது. திரையில் அதே வரி, ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு: தயவுசெய்து டிவிடியைச் செருகவும். செருகியாயிற்று ஐயா, செருகி ஏழு தடவை ஆகிறது, இனி எங்கே செருக என்று அவர் வாய்விட்டே கேட்டார். அடுப்படியில் ரவை வறுபடும் வாசனை. ரவை வறுபட்டால் கேசரி, கேசரி என்றால் மைத்துனன் வருகிறான். நாலு மணிக்கு லிங்கம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறான், குற்றாலலிங்கம், பெருமாள்புரத்தில் சிமெண்ட் வியாபாரம், வாய் முழுக்கக் கேலி. இந்த டிவிடியை மதுரையில் ஏதோ நடைபாதைக் கடையில் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து கையில் திணித்தவனும் அவன்தான். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் வாறோம் அத்தான். நீங்க டாக்டரா வாரதைப் பாக்கணும்லா" என்று சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சிரிக்காமல் கேலி செய்கிறவனை எதுவும் செய்ய முடியாது. சிரித்தால் என்ன சிரிப்பு என்றாவது கேட்கலாம்.

டாக்டராக அவர் வந்தது உண்மை. எண்பத்தைந்தில், அம்பாசமுத்திரத்தில் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து வயல் வயலாக அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஆற்றங்கரைப் பயணியர் விடுதிக்குச் சுண்ணாம்பு அடித்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். டாக்டராக நடிக்க வேண்டியவருக்கு ரயில் தப்பிவிட்டது. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் உயரமும் மீசையும் மூக்குக் கண்ணாடியும் ஒன்றாக உள்ள ஆள் இவர் ஒருவர்தான். கோட்டு மாட்டாஸ்பத்திரியிலிருந்து இரவல் வந்தது, கக்கத்தில் பிண்ணாக்கு வாசனை, இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது, இல்லை, அது அடுப்படியில் முந்திரி தீய்கிற வாசனை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட வேண்டும், கதாநாயகன் ஓடிவந்து தோளைப் பிடித்து, டாக்டர் எங்கம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பான், இவர் அவனைப் பார்க்காமல் தூரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்: எதுவா இருந்தாலும் இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானை ஆறு தடவை எடுத்தார்கள், ஆறாவது தடவை உதவி இயக்குநர் பையன் ஓகே என்று சொல்லிக் கையைக் குலுக்கினான். கை குலுக்கியது பொய்யா? படம் மறுவருஷம் வந்தது, பாளையங்கோட்டையில் நாலே நாள் ஓடியது, அந்த நாலு நாளும் இவர் மாஞ்சோலைப் பக்கம் முகாமில் அட்டைக்கடி பட்டுக்கொண்டிருந்தார். மாமியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "டாக்டர்னு யாரோ ஒருத்தர் வந்தாரு, அதுக்குள்ள முறுக்குக்காரன் குறுக்க வந்துட்டான் மாப்ளே" என்றாள். தாசில்தார் ஆபீஸ் பியூன் பார்த்தேன் என்றான், ஆனால் அவன் கைமாத்து கேட்க வரும்போதெல்லாம் பார்த்தேன் என்பான். பிறகு அந்தப் படம் எங்கேயும் இல்லை. டிவியில் ஒரு தடவை போட்டார்கள், முதல் பாட்டிலேயே கரண்ட் போயிற்று. ஆக, இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் படம் என்றால் ஒரே படம்தான், அதை இவர் உட்பட ஒருவரும் பார்த்ததில்லை.

"என்னங்க, வருதா?" என்றாள் பிரமு, அடுப்படியிலிருந்து.

"வரும்."

"எப்ப?"

எப்போது என்றா கேட்கிறாய், எதுவானாலும் இருபத்துநாலு மணி நேரம், என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பஸ் எப்போது வரும் என்று கேட்டாலும், பையனின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கும் இந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மிக்ஸி சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளாவது அவள் நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ சொல்லியிருக்கிறாளா? கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நடந்த சங்கதி, ராத்திரி வந்து மூச்சிரைக்கச் சொன்னார், அவள் கேட்டது ஒன்றுதான், அந்தக் கோட்டைத் தோய்ச்சாங்களா என்று. இல்லை, அன்று ராத்திரி அவள் எங்கே இருந்தாள், பிரசவத்துக்குப் போயிருந்தாளே, அப்படியென்றால் கோட்டைப் பற்றிக் கேட்டது கடுதாசியிலா? எப்படியோ கேட்டாள். நம்புகிறவள் கேட்கிற கேள்வியா அது, நம்பாதவள் கேட்கிற கேள்வியா அது? இதை அவர் ஓய்வு பெற்ற பிறகு தினமும் நடைப்பயிற்சியில் யோசிக்கிறார், மார்க்கெட் திருப்பம்வரை நம்புகிறவளாகவும் திரும்பி வரும்போது நம்பாதவளாகவும் அவள் இருக்கிறாள்.

நோயாளியிடம் திரும்பினார். நோய் என்ன? சுழல்கிறது, ஆகவே உயிர் இருக்கிறது. சாமி பாட்டு சிடியைப் போட்டார், கணீரென்று பாடியது, ஆகவே காது வாய் எல்லாம் சரி. படத்தைப் போட்டால்தான் செருமல். பாட்டுக்கு நல்லது, படத்துக்கு ஆகாது, இது என்ன இயந்திரமா, ஊர்ப் பெரிய மனுஷனா? பெங்களூருவில் இருக்கும் மகனுக்கு போன் போட்டார். சிவசைலம் விட்டுப்போன கம்ப்யூட்டர் இது, அவன்தானே பொறுப்பு.

"உள்ள போட்டா சுத்துதாப்பா?" சிவசைலம் ரகசியம் பேசுகிற குரலில் கேட்டான்.

"சுத்துது. தொண்டையைச் செருமுது. பெறகு படுத்துக்குது."

"சிடி படிக்குதுல்லா? அப்போ ஒண்ணு பண்ணலாம். சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர்ப்பா. ரெண்டுல ஒண்ணு போயிருக்கும்."

"ஒத்தைக் கண்ணுங்கியா?"

"ஆமா. இல்லன்னா பிளேயர்ல கோளாறு. டெஸ்க்டாப்புல ஆரஞ்சுக் கலர்ல ஒரு கூம்பு இருக்கா?"

"ரோடு போடும்போது வெப்பாங்களே, அதா?"

"அதேதான். அது வேற பிளேயர், அதைத் தொறந்து பாரு. நீ ஏன்பா இப்படிக் கத்துத, நான் தியேட்டருக்குள்ள இருக்கேன், இண்டர்வல் முடிஞ்சுட்டு" என்று வைத்துவிட்டான்.

அவன் படம் பார்க்கிறான். நியாயம். ரோட்டுக் கூம்பைத் திறந்தார், முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எத்தனை கூம்பைத் தாண்டியிருப்பார், ஒரு கூம்பும் அவருக்கு வழிவிட்டதில்லை, இதுவும் விடவில்லை, கறுப்பாக ஒரு சன்னல் திறந்து அப்படியே கிடந்தது. எதிரே டிவிடி டிரைவின் சின்னப் பச்சை விளக்கு இமைத்து இமைத்து அணைந்தது. ஒற்றைக் கண். ஒற்றைக் கண் என்றதும், ஏன் என்று தெரியவில்லை, மனசுக்குள் சில்லென்று ஒரு ஆறுதல் ஓடியது, ஓடியபிறகுதான் அவர் அதைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தார். டிரைவ் செத்துவிட்டால் என்ன? செத்தது செத்ததுதான், டிரைவ் போச்சு மாப்ளே என்று சொல்லிவிடலாம், கேசரி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், படம் எப்போதும் போல பார்க்காத படமாகவே இருக்கும். பார்க்காத படத்தில் அவர் கட்டாயம் உண்டு. பார்த்த படத்தில்? எடிட்டிங் என்று ஒன்று இருக்கிறது. கத்தரி என்று ஒன்று இருக்கிறது. நாலு நாள் ஓடிய படம், நீளம் அதிகம் என்று எவனாவது முதலில் எதை வெட்டுவான், கதாநாயகியின் பாட்டையா வெட்டுவான்? கதவிலிருந்து வெளியே வந்து ஒரு வரி சொல்கிற மாட்டாஸ்பத்திரிக் கோட்டைத்தான் வெட்டுவான். இது இன்று வந்த யோசனை அல்ல. டிவிடி செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. புதன் ஆயுத பூஜை, கம்ப்யூட்டருக்கே சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டாயிற்று, தொடக் கூடாது. வியாழன் விஜயதசமி, பூஜை பிரித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பாடு, தூக்கம். வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. சனிக்கிழமை? சனிக்கிழமை கரண்ட் இருந்தது. நாள் முழுக்க, கெடுவைத்துத் தந்ததுபோல இருந்தது. அவர் பரணைச் சுத்தம் செய்தார்.

போன் அடித்தது. லிங்கம்.

"அத்தான், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதாமே. அக்கா சொன்னா. எங்க வீட்டு டிவிடி பிளேயரைத் தூக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் மாப்ளே, வந்துட்டு, வந்துட்டு. இப்பந்தான் வந்துட்டு."

"நீங்களா? படமா?"

"படந்தான்வே."

"நீங்க வந்தா சொல்லுங்க. விசிலடிக்க மூத்தவளைக் கூட்டிட்டு வாறேன்" என்று வைத்தான்.

ஏன் வேண்டாம் என்றார்? கேட்ட மாத்திரத்தில் சரி என்றிருந்தால் ஒரு பிளேயர், ஒரு வயர், முடிந்தது காரியம். அவன் கொண்டுவரும் பிளேயரில் அவர் இல்லாமல் போனால் அது அவன் வீட்டில் அவர் இல்லாமல் போனது மாதிரி, அதற்குப் பதில் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இல்லாமல் போகலாம். இது யோசனையா, கிறுக்கா? அவருக்கே புரியவில்லை. ஆனால் வந்துட்டு என்று சொல்லியாயிற்று. சொன்னபிறகு வராமலிருந்தால் இருபத்தாறு வருஷப் பேச்சும் இந்த இப்பந்தான் வந்துட்டு மாதிரிதான் என்று லிங்கம் முடிவு கட்டுவான், அவன் கட்டாவிட்டாலும் அடுப்படியில் காது கொடுத்துக்கொண்டிருக்கிற பிரமு கட்டுவாள். கட்டட்டும். இல்லை, கட்டக் கூடாது. அவள் மட்டும் கட்டக் கூடாது.

பொத்தானை அமுக்கினார். நாக்கு நீண்டது. இந்த முறை டிவிடியை விளிம்பில் பிடித்துத் தூக்கி, செய்யவே கூடாத ஒன்றைச் செய்தார், திருப்பினார். பளபளக்கிற பக்கத்தைத் தொடக் கூடாது என்று சிவசைலம் சொல்லியிருந்தான். அரசாங்கத்தில் இருந்தவருக்கு ஒரு விதி என்றால் அதற்கு மேல் ஒரு படி அனுசரித்துத்தான் பழக்கம், ஆகவே தொடுவதில்லை என்பதோடு அந்தப் பக்கத்தைப் பார்ப்பதும் இல்லை என்று வைத்திருந்தார். இப்போது பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் அவர் முகம், நரைத்த மீசை, அவருடைய நெற்றி நடுவில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். கையால் நெற்றியைத் தடவினார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். இருந்தது. பொட்டு வைத்த படத்துக்குள் யார் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அப்பா இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார், கூடத்துச் சுவரில் வரிசையாக, மாலையோடு. சரி, அப்படியானால் முடிந்துவிட்டது, மூன்றே முக்கால் மணிக்கு, பரணைச் சுத்தம் செய்த மறுநாள். பிறகு தலையைச் சற்றுச் சாய்த்தார், பொட்டு சாயவில்லை, காதுக்கு மேல் நின்றது. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது அவருக்கு உயிரும் கோபமும் ஒன்றாக வந்தன. அரைத்த சந்தனம், நல்ல கெட்டியாக, காய்ந்து வெடித்து, அதன்மேல் குங்குமம்.

"பிரமு! ஏ பிரமு!"

கரண்டியோடு வந்து நின்றாள்.

"இதுல பொட்டு வெச்சது யாரு?"

"நாந்தான். ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும்தான வெச்சேன். சுத்தியலுக்கு வெச்சேன், இஸ்திரிப் பொட்டிக்கு வெச்சேன். இதுக்கு மட்டும் வேண்டாமா?"

"வெக்கதுதான் வெச்ச, இந்தப் பக்கமா வெப்பாங்க? இதுலதான் படமே இருக்கு!"

"அந்தப் பக்கம்லா ஆளு படம் போட்டிருக்கு" என்றாள் பிரமு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "உசுரோட இருக்க மனுசன் படத்துல யாராவது பொட்டு வெப்பாங்களா? அவரும் பிள்ளைகுட்டிக்காரரு. இந்தப் பக்கம் ஒண்ணுமில்லாம வெள்ளையா இருந்துது. அதான் திருப்பி வெச்சேன்."

"அப்ப நான்? நான் இருக்கேன்லா இதுல? எனக்கு மட்டும் பொட்டு வெக்கலாமாக்கும்?"

"நீங்க உள்ளல்லா இருக்கீங்க. உள்ள இருக்கவுகளுக்கு என்ன வரப்போவுது?"

உள்ளே இருக்கீங்க. அவள் அதைச் சொல்லிவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், கேசரி அடிப்பிடிக்கிறதா என்று. நீங்க உள்ள இருந்தா என்று சொல்லவில்லை, இருக்கீங்களாமே என்று சொல்லவில்லை, உப்பு ஜாடியில் உப்பு இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆவுடையப்பன் செருமினார், டிரைவ் செருமியது போலவே. மார்க்கெட் திருப்பத்தில் எத்தனை காலை நின்று திரும்பியிருக்கிறார், ஒரு தடவை வீட்டுக்குள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? கோட்டைத் தோய்ச்சாங்களா என்றுதான் கேட்டிருப்பாள். சரி, அதுவும் பதில்தானே. இதற்குள் அவள் டிவிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள், அவர் பதறிப் பின்னால் ஓடும்போது வெந்நீரில் முக்கி, பழைய வேட்டித் துணியால், குழந்தை முகம் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணி படக் கூடாதுட்டி என்று இவர் கத்த, "சந்தனம் காய்ஞ்சா வெந்நிதான், எதுக்கும் அதுதான்" என்று நீட்டினாள். பொத்தான், நாக்கு, டிவிடி, நாக்கு. உறுமியது. ஒரு தடவை செருமியது. இரண்டாவது செருமலுக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அது செருமாமல், மெல்லிசாக ஒரு ராகம் பிடித்துச் சுழல ஆரம்பித்தது, திரையில் மழை பெய்கிற மாதிரி கோடுகளோடு தணிக்கைச் சான்றிதழ் வந்தது. அதே நேரம் வாசலில் கார் சத்தம்.

தனியாக முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தது அத்தோடு போயிற்று. லிங்கம் நாற்காலியை இழுத்து முன்வரிசையில் போட்டுக்கொண்டான், அவன் பெண்டாட்டியும் இரண்டு மகள்களும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கேசரித் தட்டுகள் மடிக்கு மடி போயின. "பாட்டையெல்லாம் தள்ளிவிடுங்க அத்தான், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான். அவர் மௌஸைப் பிடித்துத் தள்ளினார். பாட்டு போயிற்று, சண்டை போயிற்று, கதாநாயகனின் தாய் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். கட்டை வண்டி. வெள்ளைச் சுவர். பயணியர் விடுதியின் சுவர், சுண்ணாம்பு திட்டுத் திட்டாக, அதை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வார். மூடிய கதவு. கதவையே காட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் கதவைக் காட்டுகிறவன் ஆளைக் காட்டாமல் விடுவானா, விடுவான், கதவோடு வெட்டி நேரே தாயின் படுக்கைக்குப் போவான், முகாமுக்குப் போகாமல் அந்த நாலு நாளில் ஒரு நாள் லீவு போட்டிருந்தால் இந்தப் பாடெல்லாம், கதவு திறந்தது. மாட்டாஸ்பத்திரிக் கோட்டு. கறுப்பு மீசை. முப்பத்திரண்டு வயசு ஆவுடையப்பன், ஸ்டெதஸ்கோப்பை மாலை போடுவதுபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தூரத்தில் பார்த்தார்.

"எம்மா, பெரியப்பாதான்!" என்று காலேஜ் முடித்திருந்த மூத்தவள் கத்தினாள். அத்தை புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், யார் திருத்தியும் கேட்டதில்லை.

திரையில் டாக்டர் வாயைத் திறந்தார். வாய் இருபத்துநாலு மணி நேரத்தைத்தான் சொன்னது, உதடு அசைவது ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து வந்தது கனத்த, வெற்றிலை குதப்பின, மெட்ராஸ் குரல் ஒன்று. "மன்னிச்சிடுங்க மிஸ்டர். எங்களால முடிஞ்சதைச் செஞ்சு பார்த்துட்டோம்" என்றது. கதாநாயகன் அம்மா என்று அலறினான். இருபத்தாறு வருஷமாக அவர் தன் வசனத்தால் உயிரோடு வைத்திருந்த கிழவியை எவனோ ஒரு டப்பிங்காரன் ஒரே வரியில் கொன்றுவிட்டான்.

லிங்கம் கேசரித் தட்டை மடியில் இறக்கினான்.

"அத்தான்," என்றான் லிங்கம், இப்போதும் சிரிக்காமல், "மொகம் உங்களுதுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா பேசுதது யாரு?"

ஆவுடையப்பன் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவருக்கும் அது யாரென்று தெரியாதே.

"இவுகதான்" என்றாள் பிரமு, கதவோரம் நின்றபடி. "அன்னைக்கு இவுகளுக்குத் தொண்டை கட்டியிருந்துது. நான்தான் மொளகு ரசம் வெச்சுக் குடுத்து அனுப்பினேன். எனக்குத் தெரியாதா?"

"தொண்டை கட்டினா மெட்ராஸ்காரன் மாதிரியா பேசுவாக?"

"தொண்டை கட்டினா எப்படியும் பேசுவாக. நீ கேசரியத் தின்னு."

அவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டவில்லை. மிளகு ரசமும் இல்லை. அவள் அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லை, பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள், அது அவள் தம்பிக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தவன் அக்காவை ஒரு தடவை பார்த்தான், தட்டைப் பார்த்தான், பிறகு இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டான். கட்டிலில் இருந்த மூத்தவள், மறுபடி போடுங்க பெரியப்பா, அந்தக் கதவைத் திறக்கதைப் போடுங்க என்றாள். ஆவுடையப்பன் செருமிக்கொண்டு மௌஸைப் பின்னால் இழுத்தார். "இருங்க, போடுதேன்" என்றார், கட்டின தொண்டையோடு.

2012 மே 27, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலலிங்கத்தின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தது. பத்திரிகையில், தங்கள் நல்வரவை விரும்புவோர் வரிசையில், மணமகளின் அத்தை கணவர் ஆ. ஆவுடையப்பன் பெயருக்குக் கீழே, லிங்கமே எழுதிக்கொடுத்தபடி, 'திரைப்பட நடிகர்' என்றும், அதற்கு அடுத்த வரியில், சின்ன எழுத்தில், 'நில அளவைத் துறை, ஓய்வு' என்றும் அச்சாகியிருந்தது.